மேட்டுத் தெருவின் அறுபத்து நான்கு ஸ்டிக்கர்கள்

பூவரசம்பட்டில் யார் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்று தெரியவேண்டுமானால் அம்சவள்ளியைக் கேட்டால் போதும். கேட்காவிட்டாலும் அவளே சொல்வாள். எந்த வீட்டில் சர்க்கரை மாத்திரை புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள், எந்த வீட்டு மாமனார் மகனுக்குத் தெரியாமல் குவார்ட்டர் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எறிகிறார், எந்த மருமகள் மாமியார் சமையலைத் தொடாமல் கூட்டேரிப்பட்டிலிருந்து பரோட்டா வரவழைக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எட்டு வருடமாக ஊர்க் குப்பையை வாருகிறவளுக்கு ஊர் தெரியாமல் இருக்குமா? ஆனால் இந்த வருடம் தை மாதத்திலிருந்து பங்குனி வரைக்கும் நடந்ததில் தான் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் மட்டும் முழிக்கிறாள். இன்றைக்கும் முழிக்கிறாள்.

அவள் பிறந்தது பிரம்மதேசத்துப் பக்கம். பத்தொன்பது வயதில் விருத்தாசலத்தைக் கட்டிக்கொண்டு பூவரசம்பட்டுக் காலனிக்கு வந்தாள். வந்த மறுவாரமே கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போனாள். அப்புறம் நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, நூறுநாள் வேலை. அவள் செய்யாத வேலை ஒன்றுதான், சும்மா உட்கார்ந்திருப்பது. அந்த வேலையைப் புருஷன் எடுத்துக்கொண்டான் என்று சொன்னால் அநியாயம். விருத்தாசலம் திண்டிவனம் மண்டியில் மூட்டை தூக்கியவன். ஆறு வருடத்துக்கு முன்னால் முதுகில் ஏதோ பிசகி, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுத்து எழுந்து வந்தான். அதிலிருந்து மூட்டையைத் தொடவில்லை. இரண்டு ஆடு மேய்க்கிறான், மிச்ச நேரத்தில் நாட்டு நடப்பைப் பேசுகிறான். மகள் இசைவாணி விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். ஆக, அந்த வீட்டில் நிச்சயமாக வருகிற சம்பளம் ஒன்றே ஒன்று. அது ஊராட்சியில் தூய்மைக் காவலராக இருக்கும் அம்சவள்ளியின் சம்பளம். பெரிய சம்பளம் இல்லைதான். ஆனால் மழை பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும். கூலி வேலைக்குப் போனவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஊரில் குப்பை வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. காலனியில் ஐம்பத்தெட்டு வீடு. அங்கே அவள் வீடு வீடாகப் போவாள், அடுப்படி வரைக்கும் போவாள். ஊருக்குள் மேட்டுத் தெருவில் அறுபத்து நான்கு வீடு. அங்கே தெருமுனையில் மினி டேங்க் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மணியடிப்பாள். வீட்டுக்காரர்கள் வாளியோடு வந்து கொட்டிவிட்டுப் போவார்கள். இப்படித்தான் செய்யவேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. தள்ளுவண்டி போய் பேட்டரி வண்டி வந்தது. அப்போதும் வண்டி டேங்கைத் தாண்டி உள்ளே போனதில்லை.

டேங்கை ஒட்டி, மேட்டுத் தெருவின் முதல் வீடு பாஞ்சாலி வீடு. பாஞ்சாலியைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல முடியாது. விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அரை மூட்டை அரிசியை ஆள் மேல் கொடுத்தனுப்பினாள். பொங்கலுக்குப் பொங்கல் புடவை. தினமும் குப்பை வாங்கி முடிந்ததும், "ஏ அம்சா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிடுவாள். மதில் மேல் எப்போதும் கவிழ்ந்திருக்கும் டம்ளரை அம்சவள்ளி எடுத்து நீட்டுவாள், பாஞ்சாலி சொம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றுவாள். பாஞ்சாலிக்கு மூன்று வயது குறைவு. ஆனாலும் அவள் ஏ அம்சா என்பாள், இவள் இன்னாம்மா என்பாள். மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இருவரும் பேசாத கதையில்லை.

தை மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. சுற்றுவட்டாரத்துத் தூய்மைக் காவலர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டம் முழுக்க அம்புக்குறி. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கம்பெனி, ஒரு பக்கம் சமையலறை, கீழே வாளியோடு ஒரு பெண்.

"பூமி சூடாயிட்டே போகுது. தனித்தனியா ஆளுக்கொரு செடி நட்டா பத்தாது. இந்த அமைப்பையே மாத்தணும், அதுவும் சீக்கிரமா மாத்தணும். அந்த மாற்றம் உங்க கையிலதான் ஆரம்பிக்குது" என்றார் அவர்.

எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அம்சவள்ளிக்கு அந்த அம்புக்குறிகள் பிடிபடவில்லை. எல்லா அம்பும் சுற்றிச் சுற்றி அந்த வாளிக்காரியிடமே வந்து முட்டின. எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "சார், குப்பையே வராம பண்ணிட்டா எங்க வேலை இன்னாவும் சார்?"

மண்டபமே சிரித்தது. "ரொம்ப நல்ல கேள்வி" என்றார் அதிகாரி. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முடிவில் ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள், அதில் இதற்கென்றே ஒரு ஆப் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டப்படும். டீக்கடையில் பணம் கட்ட வைத்திருப்பார்களே, அதே மாதிரி கறுப்புக் கட்டம். தினமும் அந்த வீட்டு வாசலில் நின்று போனைக் காட்டவேண்டும். டிங் என்று சத்தம் வரும். 'குப்பையைப் பிரித்துத் தந்தார்களா?' என்று போன் கேட்கும். ஆம் அல்லது இல்லை என்று அழுத்தவேண்டும். மக்குகிற குப்பை பச்சை வாளியில், மக்காதது சிவப்பு வாளியில் இருந்தால் ஆம். கலந்திருந்தால் இல்லை. இல்லை என்றால் அந்த வாளியையும் வீட்டு முகப்பையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் போன் அடுத்த வீட்டுக்கு நகராது.

மாசி பிறந்ததும் ஊராட்சி செயலர் ராஜ்குமார் ஸ்டிக்கர் கட்டோடு கிளம்பினான். காலனியில் ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தெட்டையும் ஒட்டியாயிற்று. மேட்டுத் தெருவில்தான் வண்டி நின்றது. முதல் வீட்டில் ஆளில்லை. இரண்டாவது வீட்டில் இப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூன்றாவது வீட்டு நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது, அதன் மேல் எப்படி ஒட்டுவது? நான்காவது வீட்டுக்காரர் வெளியூர். ஐந்தாவது வீட்டில் வாஸ்து. ராஜ்குமாரும் அதே தெருக்காரன்தான். அவன் வீடு ஆறாவது. அந்த வாசலில் அவன் அம்மாவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயிலில் ஸ்டிக்கர் கட்டைப் பிடித்தபடி அவன் பேஜாராகிப் போனான். அம்சவள்ளி பசை டப்பாவோடு தெருமுனையில் டேங்கடியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது வயலிலிருந்து திரும்பிய பாஞ்சாலிதான் வழி சொன்னாள்.

"ஏன்டா ராஜ்குமாரு, அவள இன்னாத்துக்கு இந்த வெயில்ல இழுத்தடிக்கற? தெனம் அறுவத்திநாலு வாசப்படி ஏறி எறங்கினா அவ முட்டி தாங்குமா? எல்லாத்தையும் டேங்க் செவுத்துல ஒட்டிடு. நாங்கதான் குப்பைய அங்க எடுத்தாந்து கொட்டிக்கினு இருக்கோமே."

"வாசல்ல ஒட்டணும்னு ஆர்டர் சித்தி."

"ஆர்டரா வந்து குப்பை வாருது? அவதான வாரப்போறா. அவள கேளு."

தெருவே அம்சவள்ளியைப் பார்த்தது. அவளுக்கு முட்டி வலி இருந்தது உண்மை. பாஞ்சாலியிடம்தான் அதைச் சொல்லிப் புலம்பியுமிருந்தாள். "எனக்கு எதுனா சரிம்மா" என்றாள். பொய் சொல்வானேன், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தினமும் ஒன்றரை மணி நேர நடை மிச்சம். தன் முட்டியை நினைத்துப் பேச ஊரில் ஒருத்தி இருக்கிறாளே என்று மனசும் குளிர்ந்தது. ராஜ்குமார் டேங்க் சுவரில் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை ஒட்டினான். செஸ் போர்டு மாதிரி அழகாக இருந்தது.

மறுநாளிலிருந்து மேட்டுத் தெருவில் டிங் டிங் என்று ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரே ஒரு சிக்கல். குப்பையைக் கலந்து கொட்டுகிற வீட்டுக்கு இல்லை என்று அழுத்தினால் போன் வீட்டு முகப்பைக் கேட்டது. முகப்புக்கு அவள் எங்கே போவாள்? டேங்கைத்தான் காட்டமுடியும். போன் டேங்கை ஒப்புக்கொள்ளவில்லை, நின்றுவிட்டது. ராஜ்குமாரிடம் கேட்டாள். "எல்லாத்துக்கும் ஆமுன்னு போட்டுட்டு ஜல்தி போய்க்கினே இருங்கக்கா" என்றான். செயலரே சொன்ன பிறகு அவளுக்கென்ன? அறுபத்து நான்குக்கும் ஆம்.

காலனியில் அப்படி முடியவில்லை. அங்கே வாசலில்தான் நிற்கிறாள், வாளி கண்ணெதிரே இருக்கிறது. கறிவேப்பிலையோடு பிள்ளையின் பாம்பர்ஸைப் போட்டுக் கொடுத்த அஞ்சம்மாளுக்கு இல்லை என்று அழுத்தினாள். போட்டோ என்றதும் அஞ்சம்மாள் ஓடிப்போய்த் தலையைச் சீவிக்கொண்டு வந்து, வாளியை இடுப்பில் வைத்துச் சிரித்தபடி நின்றாள்.

"இது எந்த டிவில வரும்?"

"டிவியும் இல்ல ஒண்ணும் இல்ல. நாளைக்காவது பிரிச்சுக் குடு."

தினமும் முகத்துக்கு முகம் பார்த்துச் சொன்னதில் பலன் இருந்தது. மாசி முடிவதற்குள் காலனியில் பாதிக்கு மேல் ஒழுங்காகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் குப்பை நேராக உரக்குழிக்குப் போனது. மேட்டுத் தெருக் குப்பையை மட்டும் அவள் கொட்டகையில் கொட்டிவைத்து, உட்கார்ந்து, கையாலேயே இரண்டு மணி நேரம் பிரித்தாள். நடையில் மிச்சமான நேரம் இப்படிப் போனது.

மாதக் கடைசியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு வண்ணத் தாள் ஒட்டினார்கள். மேட்டுத் தெரு: நூற்றுக்கு நூறு, பச்சை. காலனி: அறுபத்தொன்று, ஆரஞ்சு.

அம்சவள்ளி அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் கைக்குத் தெரிந்தது ஒன்று, தாள் சொன்னது வேறொன்று. படித்தவர்கள் செய்த போனாயிற்றே, தனக்குப் புரியாத ஏதாவது கணக்கு அதில் இருக்குமோ என்றுகூட யோசித்தாள். ஆம் என்று அழுத்தியது தன் விரல்தானே என்பது அப்புறம்தான் உறைத்தது. காலனியில் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "சொந்த ஜனத்தையே காட்டிக் குடுத்துட்டியே" என்றாள் அஞ்சம்மாள். மேட்டுத் தெருவில், "நம்ம தெரு எப்பவுமே சுத்தம்தான்" என்று பேசிக்கொண்டார்கள். பாஞ்சாலிக்கு ஏக மகிழ்ச்சி. அன்றைய காப்பியில் சர்க்கரை ஒரு ஸ்பூன் தூக்கலாக இருந்தது.

அந்த வாரமே பக்கத்து ஊரில் இடி விழுந்தது. அங்கே தூய்மைக் காவலராக இருந்த சின்னக்கண்ணு, ஸ்டிக்கர்களை வீடுகளில் ஒட்டாமல் ஒரு நோட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்தே போனைக் காட்டியிருக்கிறாள். மேலே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது நாள் ராஜ்குமார் வந்து, செவ்வாய்க்கிழமை ஒன்றியத்திலிருந்து மேடம் ஆய்வுக்கு வருகிறார், மேட்டுத் தெருவைத்தான் பார்க்கவேண்டும் என்கிறார் என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

அன்று சாயங்காலம் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்த விருத்தாசலத்திடம் கேட்டாள். "ஏங்க, சின்னக்கண்ணு நோட்டுல ஒட்டினா. நான் செவுத்துல ஒட்டினேன். ரெண்டும் ஒண்ணா?"

"நீயா ஒட்டின? ராஜ்குமார் தான ஒட்டினான்."

"பசை டப்பா என் கையில தான இருந்துது."

அவன் யோசித்தான். "தப்பு பண்ணலன்னா இன்னாத்துக்குப் பயப்படற? பயப்படறியே, அப்ப தப்புதான்."

"தப்பு பண்ணாதவங்க பயப்பட மாட்டாங்களா?"

"நம்ம ஜனம் தப்பு பண்ணாமயே பயப்படும். அது வேற."

இந்த லட்சணத்தில் இருந்தது அவன் ஆலோசனை. வேலை போய்விட்டால் இசைவாணியின் படிப்பை நிறுத்தவேண்டியதுதான். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்சவள்ளி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கியவள் ஜெசிந்தா. ஒன்றியத்தில் ஒருங்கிணைப்பாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப். மேட்டுத் தெருப் பெண்கள் இருபது பேர் டேங்கடியில் கூடிவிட்டார்கள். பாஞ்சாலி முன்வரிசையில் நின்றாள்.

"அறுபத்துநாலு வீடு. ஆறு நிமிஷம். தினமும். மேப்புல பார்த்தா எல்லாமே ஒரே புள்ளி. எப்படிங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஜெசிந்தா திரும்பினாள். சுவரைப் பார்த்தாள். எட்டு எட்டாக அறுபத்து நான்கு. அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

ராஜ்குமார் முந்திக்கொண்டான். "மேடம், அவங்களுக்கு நடக்க முடியல. அவங்க வசதிக்காகத்தான் இங்க..."

"ஆமாம்மா" என்றாள் பாஞ்சாலி. "பாவம், முட்டி வலி அவளுக்கு. நாங்கதான் எரக்கப்பட்டு, நீ அலையாத, நாங்களே எடுத்தாந்து குடுக்கறோம்னு சொன்னோம். அவளையும் கேட்டுக்கினுதான் ஒட்டினது."

இருபது தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

"அப்படியாம்மா? நீங்க கேட்டதாலதான் இங்க ஒட்டினாங்களா?" என்றாள் ஜெசிந்தா.

அம்சவள்ளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முட்டி வலி உண்மை. பாஞ்சாலி இரக்கப்பட்டது உண்மை. எதுனா சரிம்மா என்று தான் சொன்னது உண்மை. அன்றைக்குச் சந்தோஷப்பட்டதும் உண்மை. தனித்தனியாக எல்லாம் உண்மையாக இருந்தன, சேர்த்துப் பார்த்தால் மட்டும் பொய்யாக வந்தது. அந்தப் பொய் எங்கே நுழைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா டேப்பை நீட்டினாள். "வாசல்ல ஏன் ஸ்கேன் பண்ணலன்னு இதுல ஒரு காரணம் போட்டாதான் ரிப்போர்ட் முடியும். படிக்கிறேன், கேளுங்க. வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது. போன் பழுது. பணியாளர் தவறு." கொஞ்சம் நிறுத்தினாள். "சின்னக்கண்ணுக்கு அந்தக் கடைசிதான் போட்டாங்க."

"போன் பழுதுன்னு போட்டுடலாம் மேடம். யாருக்கும் பிரச்சினை இல்ல" என்றான் ராஜ்குமார்.

"ஆறு வாரமா ஒரு நாள் விடாம ஸ்கேன் ஆன போன் பழுதுன்னா மேல சிரிப்பாங்க சார்."

அம்சவள்ளி டேப்பை எட்டிப் பார்த்தாள். "இதுல நம்ம விஷயம் எதும்மா?"

ஜெசிந்தா நிமிர்ந்து அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அந்தத் தெருவைப் பார்த்தாள். டேங்கைத் தாண்டி ஒரு சக்கரத் தடமும் இல்லாத மண்ணைப் பார்த்தாள். "நம்ம விஷயம் இதுல இல்லம்மா. மற்றவைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நாமளே எழுதிக்கலாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"அது வந்தும்மா, நான் கல்யாணம் கட்டிக்கினு வந்த புதுசுல..."

"சுருக்கமா சொல்லுங்கம்மா. நாப்பது எழுத்துக்கு மேல ஏறாது."

நாற்பது எழுத்து! இருபத்து மூன்று வருடத்தை நாற்பது எழுத்தில் அடைக்க யாரால் முடியும்? அம்சவள்ளி பாஞ்சாலியைப் பார்த்தாள். அரை மூட்டை அரிசியை நினைத்துக்கொண்டாள். மகளை நினைத்துக்கொண்டாள்.

"வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள். "அவ்ளோதாம்மா."

ஜெசிந்தாவின் விரல் ஓடியது. பாஞ்சாலிக்கு முகம் சிவந்துவிட்டது.

"யார் சொன்னா? நான் சொன்னனா? என் வாயால ஒரு நாள் சொல்லியிருப்பனா அம்சா?"

"சொல்லலம்மா."

"வேற யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்புறம்?"

"சொல்லாமயே தெரியும்மா எனக்கு."

பாஞ்சாலியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அது நடிப்பு இல்லை. அதுதான் கஷ்டம். "உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்?" என்று கேட்டாள்.

"ஒரு கொறையும் வெக்கலம்மா" என்றாள் அம்சவள்ளி. சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுகிறோம் என்று தெரியவில்லை. தான் உண்மையைச் சொன்னதற்கா, சொன்னதனால் பாஞ்சாலி அழுகிறாளே என்பதற்கா, அல்லது இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கா? ஜெசிந்தா டேப்பை அவள் பக்கம் நீட்டி, "இங்க அழுத்துங்கம்மா" என்றாள். ஈரக் கண்ணோடு அழுத்தினாள். ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'பெறப்பட்டது' என்று நின்றது.

ஜெசிந்தா புதிதாக அறுபத்து நான்கு ஸ்டிக்கரை ராஜ்குமார் கையில் கொடுத்தாள். நாளை காலைக்குள் எல்லா வாசலிலும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுவேன் என்றாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மத்தியானமே வீடு வீடாகப் போய் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அம்சவள்ளி டேங்கடியில் வண்டியை நிறுத்தி மணியடித்தாள். ஒருவரும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள். தெருவில் ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. போச்சு, யாரும் குப்பை தரப்போவதில்லை, இன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தாள். அப்புறம்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு வாளி இருந்தது. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. தெருக் கடைசி வரைக்கும் இருந்தது.

இது வா என்று கூப்பிடுவதா, உனக்கு வாசப்படிதானே வேண்டும், வந்து மிதி என்று சொல்வதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வண்டியை மெதுவாக டேங்கைத் தாண்டி ஓட்டினாள். இருபத்து மூன்று வருடமாகத் தெருமுனையிலிருந்தே பார்த்த தெருவுக்குள் போவது, தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியது போல இருந்தது.

பாஞ்சாலி வீட்டு மதில் கேட் திறந்திருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. நிலைப்படியில் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஓரம் கொஞ்சம்கூடத் தூக்கிக்கொள்ளாமல், பார்த்துப் பார்த்து ஒட்டின மாதிரி. கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது.

கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு படியேறினாள். பச்சை வாளியில் முருங்கை ஈர்க்கும் வெங்காயச் சருகும் மட்டும். சிவப்பு வாளியில் பால் பாக்கெட்டுகள் கழுவி மடித்து வைத்திருந்தன. இந்த ஆறு வாரத்தில் அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு வாளி வந்ததே இல்லை. உன்னால் ஒரு குறை சொல்ல முடியாது பார் என்கிற வீம்பா, இல்லை வேறு ஏதாவதா? கழுவி மடித்த பால் பாக்கெட்டைப் பார்த்து யாரால் அதைச் சொல்ல முடியும்?

"பாஞ்சாலிம்மா" என்று கூப்பிட்டாள்.

டிவி சத்தம் கொஞ்சம் கூடியது.

போனைக் காட்டினாள். டிங். பிரித்துத் தந்தார்களா? ஆம். அடுத்த வீடு. ஆம். ராஜ்குமார் வீடு. ஆம். அறுபத்து நான்கு வாசப்படியும் ஏறி இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாற்பது வீட்டுக்கு மேல் நெஞ்சறிய ஆம் என்று அழுத்தினாள். மிச்ச வீட்டுக்கு இல்லை என்று அழுத்தி, வாளியும் முகப்பும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தாள். எந்தப் போட்டோவிலும் ஆள் இல்லை. ஒரு கதவும் திறக்கவில்லை.

தெருக் கடைசியில் வண்டியைத் திருப்பும்போது போன் அடித்தது. ஜெசிந்தா.

"அம்சவள்ளிம்மா, இப்பதான் பார்த்தேன். அறுபத்துநாலும் வாசல்லயே ஸ்கேன் ஆகியிருக்கு! முதல் நாளே நாப்பதுக்கு மேல பச்சை! உங்க வேலைக்கு இனி ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க. இதைத்தாம்மா மாற்றம்னு சொல்றது."

"ஆமாம்மா" என்றாள் அம்சவள்ளி. வேலை நிலைத்துவிட்டது. மகள் படிப்பாள். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. "யாரும் வெளியே வரலம்மா" என்றாள்.



"அதை ஆப் கேக்காதும்மா" என்றாள் ஜெசிந்தா.